மீன் இருந்தால் நீர் நல்லதா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏரி மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளப்பதைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லை என்பதால், சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்தவற்றில் ஆறு கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் இருக்கிறாள். பக்கத்து ஓடைக்குச் சால்மன் மீன் வருகிறது என்பதற்காக, அவர்கள் தெருவோரத்தைத் தோண்டி மணலும் எருவும் நிரப்பிச் செடி நட்டிருக்கிறார்களாம்; சாலையில் விழும் மழைநீர் அந்த மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் ஓடைக்குப் போகுமாம். ஒரு மீனுக்காக இவ்வளவு செலவா? நம் ஊர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?
– வாசகி, கன்னங்குறிச்சி

பதில்: பசிபிக் கடலோரச் சால்மன், ஓடையின் கூழாங்கல்லுக்கு அடியில் கிடக்கும் முட்டையிலிருந்து பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, தான் பிறந்த ஓடையை மோப்பத்தாலேயே அடையாளம் கண்டு திரும்பி வந்து, முட்டையிட்டுவிட்டு அங்கேயே இறந்துபோகிறது. ஆகவே மலையிலிருந்து கழிமுகம் வரை அந்த நீர்வழியில் எங்கே எது கெட்டாலும் அதன் பலன் இந்த மீனின் தலையில் வந்து விடிகிறது. வண்டல் வந்து கூழாங்கல் இடுக்குகளை அடைத்தால் முட்டைக்கு உயிர்க்காற்று, அதாவது ஆக்சிஜன், கிடைப்பதில்லை. கரை மரங்களை வெட்டினால் நீர் சூடேறுகிறது. நீர் சூடேறினால் அது தாங்கும் உயிர்க்காற்றின் அளவும் குறைகிறது. 10 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 பாகையில் ஏழரைதான்.

உங்கள் மகள் இருக்கும் ஊரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே நகரத்து ஓடைகளைப் பெரும் செலவில் சீர்படுத்தினார்கள். தடுப்புகளை அகற்றினார்கள், கரையில் மரம் வைத்தார்கள். எதிர்பார்த்தபடியே கோஹோ என்னும் சால்மன் இனம் திரும்பி வந்தது. ஆனால் மழை பெய்த சில மணி நேரத்தில் அவை நிலைதடுமாறி, வாய் பிளந்து, வட்டமடித்துச் செத்தன. செத்த பெண் மீன்களின் வயிறு நிறைய இடாத முட்டைகள். நோயா, வெப்பமா, பூச்சிமருந்தா என்று ஒவ்வொன்றாகத் தேடித் தள்ளிக்கொண்டே வந்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 டிசம்பரில் காரணத்தை வெளியிட்டார்கள். அது வண்டிகளின் டயரில் இருந்தது. ரப்பர் காற்றிலுள்ள ஓசோன் பட்டு வெடிக்காமல் இருக்க 6பிபிடி என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு வினைபுரியும்போது 6பிபிடி-குயினோன் என்ற நஞ்சாகிறது. டயர் தேய்ந்து சாலையில் படியும் தூசியில் அது இருக்கிறது. மழை அதை ஓடையில் சேர்க்கிறது. லிட்டருக்கு நூறு நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே கோஹோக்களில் பாதி செத்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு.

இந்தக் காரணம் தெரிவதற்கு முன்பே வேறொன்று தெரிந்திருந்தது. அதே சாலை நீரை மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணின் வழியாக இறக்கிவிட்டால் கோஹோ சாவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் இதற்குப் பொதுவாகக் கையாளும் கலவை, கன அளவில் 60 பங்கு மணல், 40 பங்கு எரு. உங்கள் மகளின் தெருவோரத்தில் இருப்பது இந்த வகைதான். நஞ்சின் பெயரே தெரியாத காலத்தில் அதைத் தடுத்துக்கொண்டிருந்த எளிய ஏற்பாடு இது என்பதால்தான் இதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

நம் ஊருக்கு வருவோம். உங்கள் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் சால்மன் ஏறப்போவதில்லை. நம் கெண்டையும் விராலும் டயர் தூசியால் அப்படியே சாகும் என்றும் நான் சொல்லவில்லை; சால்மன் குடும்பத்திலேயே சம் என்ற இனம், கோஹோ சாகும் அதே நீரில் தொல்லையில்லாமல் நீந்துகிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. நாம் ஏரியைக் காப்பாற்றுவது என்றால் ஏரிக்குள் இறங்குகிறோம்: தூர் வாருகிறோம், ஆகாயத்தாமரையை அள்ளுகிறோம், கரையில் நடைபாதை போடுகிறோம். உங்கள் பகுதியில் 2010 இல் சேலம் மக்கள் குழுவினர் மூக்கனேரியை மீட்டு, தூர் வாரிய மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் வளர்த்தது மிகப் பெரிய வேலை. இன்று பறவைகள் அடையும் திட்டுகள் அவை. ஆனால் ஏரிக்கு வரும் நீர், ஏரிக்குள் உண்டாவதில்லை. மலையடிவாரத்திலிருந்து புது ஏரி வழியாக வரும் ஓடை நீர் ஒரு பக்கம், தெருக்களின் சாக்கடை மறு பக்கம். சித்திரையில் கோடை மழை முதன்முதலாகப் பெய்யும் நாளில், ஏதாவது ஓர் ஏரியின் நீர்வரத்து வாய்க்காலில் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். முதல் பத்து நிமிடம் வரும் நீர் கறுப்பாக, மேலே எண்ணெய்ப் படலம் வானவில்லாக மின்ன, பிளாஸ்டிக் உறைகளைத் தள்ளிக்கொண்டு வரும். பிறகுதான் செம்மண் நிறம். நான்கைந்து மாதம் சாலையிலும் கூரையிலும் சாக்கடையிலும் சேர்ந்த அத்தனையும் அந்த முதல் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. அதைத் தெருவிலேயே ஒரு மண் பள்ளத்தில் இறக்கி வடிகட்ட முடியுமானால் ஏரிக்குள் செய்யும் வேலையில் பாதி மிச்சம். உங்கள் மகளிடம் அந்தப் பள்ளத்தின் ஆழத்தையும், அடியில் குழாய் வைத்திருக்கிறார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள். வேறொரு இதழில் பயன்படும்.

கேள்வி: மீன் கடையில் "இந்தியன் சால்மன்" என்று எழுதி விற்கிறார்களே, அது இதே மீன்தானா? கடலிலிருந்து ஏறி வரும் மீன் நம் காவிரியில் உண்டா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: கடைக்காரர் அப்படி எழுதுவது காலா மீனை. சால்மனுக்கும் அதற்கும் உறவே இல்லை. மார்புத் துடுப்புக்குக் கீழே நூல்போலத் தொங்கும் இழைகளைப் பார்த்தால் காலா என்று தெரிந்துகொள்ளலாம். குழம்புக்கு நல்ல மீன், பெயரில்தான் குழப்பம்.

கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் வழக்கத்தைப் பார்த்தால் நம் உல்லம் மீன்தான் சால்மனுக்கு நெருக்கம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் புதுவெள்ளம் பெருகும்போது உல்லம் ஏறி வந்த காலம் இருந்தது. 1934 இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளப்பெருக்கு அணைக்குள் அடங்கிய பிறகு அந்த வரத்து தேய்ந்துபோயிற்று. விலாங்கு இதற்கு நேர்மாறானது: ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிறது.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் திருமணிமுத்தாறு ஓடுகிறது. நுரையும் நாற்றமுமாக இருந்தாலும் பையன்கள் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள். மீன் உயிரோடு இருக்கிறது என்றால் தண்ணீர் அவ்வளவு மோசமில்லை என்றுதானே பொருள்?
– வாசகர், குகை

பதில்: எந்த மீன் என்பதைக் கேட்க வேண்டும். நீங்கள் பெயர் எழுதவில்லை. ஆனால் விரால், தேளி, ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இவை நீருக்கு மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கி மூச்சுவிடக் கூடியவை. நீரில் ஆக்சிஜன் துளிகூட இல்லாவிட்டாலும் இவற்றால் காலம் தள்ள முடியும். செவுளை மட்டும் நம்பி வாழும் கெண்டை வகைகள் அங்கே கிடைக்கின்றனவா என்று அந்தப் பையன்களைக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், மீன் இருப்பதே நீர் செத்துப்போனதற்குச் சாட்சி.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன் வளர்ப்புக்கு ஏற்ற நீர் என்று வகுத்திருப்பதில், லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும்; குளிக்க ஏற்ற நீருக்கு 5. சாக்கடை ஆற்றில் விழும்போது அதைத் தின்று மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வாங்கிக்கொள்கின்றன. அந்தப் பசியைத்தான் பிஓடி என்று அளக்கிறார்கள். குளிக்கும் நீரில் அது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையிலோ 200, 300 என்று இருக்கும். மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலையின் கழிவுநீரில் இந்த எண் ஆயிரங்களில் போகும். மஞ்சவாடிப் பக்கம் மலையில் தெளிவாகப் புறப்படும் இந்த ஆறு, சுகவனேசுவரர் கோயிலைக் கடந்து உங்கள் வீட்டுப் பின்புறம் வருவதற்குள் எத்தனை சாக்கடை வாயைப் பார்த்துவிடுகிறது என்று நீங்களே அறிவீர்கள்.

நுரைக்குக் காரணம் பெரும்பாலும் சோப்புத் தூள். நீர் தடுப்பிலிருந்து விழும் இடத்தில் கடைந்ததுபோல் பொங்குகிறது. நிறம் வேறு கதை. சாயப்பட்டறை நீரில் கண்ணுக்குத் தெரிவது சாயம்; தெரியாமல் வருவது உப்பு. பருத்தி நூலில் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். வழக்கமான சுத்திகரிப்பில் நிறத்தைக் குறைத்துவிடலாம், உப்பு அப்படியே தங்கிவிடும். உத்தமசோழபுரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் அப்பால் இந்த நீரைப் பாய்ச்சும் நிலத்தில் வெள்ளைப் பூத்துக் கிடப்பது அதனால்தான். மழை நாளில் கழிவைத் திறந்துவிட்டால் ஆறு மறைத்துக்கொள்ளும் என்ற கணக்கு சிலரிடம் இருக்கிறது. நிறத்தை ஆறு மறைத்துக்கொள்ளும். உப்போ, நஞ்சை இடையாறு என்ற ஊர்ப் பக்கம் ஆறு காவிரியில் சேரும் வரைக்கும் கூடவே போகும்.

கேள்வி: நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். திராவகம் போட்டு அலசிய தண்ணீரைச் சாக்கடையில்தான் ஊற்றுகிறோம். ஒரு வாளி, இரண்டு வாளிதான். இதனால் என்ன ஆகிவிடும் என்று முதலாளி கேட்கிறார்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: கேட்டு எழுதியதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும்.

நீரில் கரைந்த வெள்ளியும் செம்பும் மீனின் செவுளைத் தாக்கும் நஞ்சுகள். நன்னீர் மீனுக்கு மிகக் கொடிய உலோகங்களில் கரைந்த வெள்ளியும் ஒன்று. செம்பு மிகச் சிறிய அளவிலேயே சால்மனின் மோப்பத்தை மழுக்கிவிடுகிறது. மோப்பம் போனால் எதிரி வருவது தெரியாது, பிறந்த ஓடையும் தெரியாது. வண்டியின் பிரேக் தேய்ந்து உதிரும் செம்புத்தூள் கூட ஓடைக்குப் போகிறது என்று கண்டு, வாஷிங்டன் மாநிலம் 2010 இல் பிரேக் கட்டைகளில் செம்பைக் குறைக்கச் சட்டமே கொண்டுவந்தது. சேலத்து நீர் கடினமானது. கடினநீரில் உலோகங்களின் நஞ்சு ஓரளவு தணியும். ஆனால் உங்கள் வாளியில் இருப்பது திராவகமும் சேர்ந்தது. அது உலோகத்தைக் கரைத்தே வைத்திருக்கும்.

முதலாளியிடம் மீனைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்றால் வெள்ளியைப் பற்றிப் பேசுங்கள். தரையில் விழும் அரத்தூளைக் கூட்டி எடுத்து உருக்கி வெள்ளி பிரிக்கும் தொழில் இது. அலசிய நீரில் போவதும் அதே வெள்ளிதான். ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் அந்த நீரைச் சேர்த்து, திராவகம் பொங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு நீரை ஊற்றி முறித்தால் உலோகம் சேறாக அடியில் படியும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஒரு தெருவிலுள்ள பட்டறைகள் சேர்ந்து இதைச் செய்தால் சேற்றை எடுத்துப் போக ஆள் தானாக வருவார்.

கேள்வி: எனக்கு ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபித் தோட்டம். மேலே உள்ள ஒரு பெரிய தோட்டத்தில் பல்பர் (பழத்தோல் உரிக்கும் எந்திரம்) ஓடும் நாட்களில் எங்கள் ஓடை பழுப்பாகிப் புளித்த நாற்றம் அடிக்கிறது. நானும் சிறிய அளவில் பழம் உரிக்கிறேன். ஆகவே சண்டை போட வாய் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் நேர்மைக்கு முதலில் வணக்கம். காபிப் பழத்தின் தோலை உரித்த பின் கொட்டையின்மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு முழுவதும் சர்க்கரையும் பெக்டின் என்னும் பசைப்பொருளும். அது நீரில் கரைந்து புளிக்கும்போது நீர் அமிலமாகிறது. சாக்கடையைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. பழம் பறிக்கும் காலமோ வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடை மெலியும் காலம். கழிவு மிகுதி, அதைக் கரைக்க நீர் குறைவு. மலையில் இது நடந்தால், கல்லுக்கடியில் வாழும் பூச்சியும் அதைத் தின்னும் சிறு மீனும் சில நாட்களில் காணாமல் போகும்.

உங்கள் அளவுக்குச் செய்யக் கூடியவை எளியவை. உரிக்கும் நீரை வடிகட்டி அன்றைக்கே மறுபடி பயன்படுத்தினால் கழிவின் அளவு வெகுவாகக் குறையும். கடைசியில் மிஞ்சும் நீரை ஓடையிலிருந்து தள்ளிய குழியில் விட்டு, சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, தெளிந்ததை மரங்களுக்குப் பாய்ச்சலாம். தோலை ஓடைக்கரையில் குவிக்காமல் சாணத்தோடு மட்க வைத்தால் உங்கள் செடிக்கே எரு. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியும் என்றால், பழத்தை உரிக்காமல் செர்ரியாகவே, அதாவது முழுப் பழமாகவே, களத்தில் காயவைப்பதில் தண்ணீர்ச் செலவே இல்லை.

இதைச் செய்த பிறகு மேல்தோட்டத்துக்காரரிடம் பேசுங்கள், வாய் வரும். ஓடையின் இரு கரையிலும் பத்தடி அகலத்துக்காவது பழைய மரங்களையும் புதரையும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள். ஏற்காட்டில் ஓடைகளைக் கெடுப்பது காபி மட்டுமில்லை. விடுதி கட்டவும் சாலை அகலப்படுத்தவும் சரிவை வெட்டி மண்ணை அப்படியே விளிம்பில் தள்ளிவிடுகிறார்கள். ஒரு மழையில் அது ஓடைக்குள் இறங்கிக் கூழாங்கல் இடுக்குகளை அடைக்கிறது. அந்த மண் கிளியூர் அருவியோடு கீழே விழும்போது எல்லோரும் படம் எடுக்கிறார்கள், செந்நீர் அழகாக இருக்கிறது என்று.

கேள்வி: எங்கள் நகர்நலச் சங்கம் ஏரியில் மீன் குஞ்சு விடத் திட்டமிட்டிருக்கிறது. கொசுவும் ஒழியும், ஏரியும் சுத்தமாகும் என்கிறார்கள். எந்த மீன் விடலாம்? பள்ளிப் பிள்ளைகளையும் இதில் ஈடுபடுத்த ஆசை. ஆய்வுக்கூடக் கருவிகளுக்குச் சங்கத்திடம் பணமில்லை.
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். நீர் மீனைத் தாங்குமா என்று பார்க்காமல் குஞ்சு விடுவது, கூரை போடாமல் குடி வைப்பது போன்றது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கே நம் நாட்டில் தடை இருக்கிறது. ஏரியில் விட்டால் மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். ஜிலேபி கெண்டை ஏற்கெனவே எங்கும் நிறைந்திருக்கிறது. வீட்டுத் தொட்டியில் பாசி தின்ன வளர்த்து, பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடும் முள்தோல் மீனும் இப்போது நம் நீர்நிலைகளில் பெருகிவிட்டது; யாரும் சாப்பிடுவதில்லை, வலையைத்தான் கிழிக்கிறது. கொசுவுக்கு, சாக்கடை வரும் வாயை அடைப்பதே மருந்து.

பிள்ளைகளுக்குக் கருவி வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பழைய பல்விளக்கும் தூரிகை, ஒரு வாளி போதும். பெரியவர்கள் துணையோடு, நீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும் நாளில், முதலில் ஏற்காட்டு ஓடை ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். நீருக்கடியில் கிடக்கும் கையளவுக் கல் ஒன்றை மெதுவாக எடுத்து, அதன் அடிப்பக்கத்தைத் தட்டின்மேல் தூரிகையால் தேய்த்து நீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் மூன்று மயிரிழை வாலோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சி இருக்கும். மணல்துகள்களை ஒட்டிக் குழாய்போல் வீடு கட்டிக்கொண்டு அதற்குள்ளிருந்து தலை நீட்டும் புழு இருக்கும். இவை ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழாதவை. சால்மன் குஞ்சு தின்று வளர்வதும் இவற்றின் உறவுக்காரர்களைத்தான். அடுத்த வாரம் உங்கள் ஏரியின் வரத்து வாய்க்காலில் அதே அளவுக் கல் ஒன்றை எடுத்து அதேபோல் தேய்க்கச் சொல்லுங்கள். கறுப்புச் சேறும், அதில் நெளியும் இரத்தச் சிவப்பு நிறப் புழுக்களும் மட்டுமே வந்தால் அதையும் எழுதிவைக்கட்டும். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே அளவுக் கல். நோட்டில் நாள், மழை பெய்ததா இல்லையா, தட்டில் எத்தனை வகை உயிர் என்று மூன்று பத்திகள் போதும். வால் பூச்சி முதன்முதலாக வாய்க்காலில் தென்படும் மாதத்தில் எனக்கு எழுதுங்கள். எந்த மீன் விடலாம் என்று அப்போது பேசுவோம்.